ஸ்டார் இல்லாத கிரீஸ் கோப்பை தூக்கியது எப்படி? அடிப்படையும் ஒழுங்கும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதிப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். பெரிய கோச் எல்லாம் இல்லை, சின்ன வயதில் ஆடியவன், அவ்வளவுதான். பையன்களுக்கு 12, 13 வயது. எல்லோருக்கும் மெஸ்ஸி ஆக ஆசை, ஒருத்தனுக்கும் த்ரோ-இன் ஒழுங்காக எறிய வராது. அவர்களிடம் நான் அடிக்கடி எடுத்துவிடுவது 2004-ல் யூரோ கோப்பையை, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான கோப்பையை, வென்ற கிரீஸ் கதை. கதை முடிந்ததும் பையன்களும் வேலியோரம் நிற்கும் அப்பாக்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் தொண்டை கிழியப் பேசுவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், கிரீஸ் அப்படி என்னதான் செய்தது?

2004 ஜூனில் போர்ச்சுகலில் யூரோ கோப்பை, 16 நாடுகள். கிரீஸ் அதற்கு முன்பு பெரிய போட்டிகளில் ஆடியதே இரண்டு தடவைதான், 1980 யூரோவிலும் 1994 உலகக் கோப்பையிலும். இரண்டையும் சேர்த்து ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. 1994-ல் அமெரிக்காவுக்குப் போய் மூன்று மேட்சில் 10 கோல் வாங்கிக்கொண்டு, ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பிய டீம் அது.

அந்த டீம் தொடக்க ஆட்டத்திலேயே, போர்ட்டோவில், சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகலை 2-1 என்று தோற்கடித்தது. அடுத்து ஸ்பெயினோடு 1-1, ரஷ்யாவிடம் 1-2 தோல்வி, தட்டுத் தடுமாறித்தான் காலிறுதி. அங்கே நடப்புச் சாம்பியன் பிரான்ஸ், 1-0. அரையிறுதியில் செக் குடியரசு, 1-0. ஜூலை 4, லிஸ்பனில் இறுதி ஆட்டம், எதிரே மறுபடியும் போர்ச்சுகல், மறுபடியும் கிரீஸ், 1-0. ஆறு மேட்சில் மொத்தமே 7 கோல். காலிறுதியிலிருந்து ஒரு கோல்கூட வாங்கவில்லை.

எதிரில் ஆடியவர்களின் பெயரைப் பாருங்கள்: ஜிடேன், ஆன்ரி, ஃபிகோ, டெகோ, 19 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ. கிரீஸ் பக்கம் யார் என்று கேட்டால், அன்று டிவி பார்த்தவர்களுக்கே இரண்டு பெயர் சொல்ல வராது.

கோச் யார்? அவர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா?

ஒட்டோ ரெஹாகல் என்ற ஜெர்மானியர். வெர்டர் பிரேமன் கிளப்பில் 14 வருடம் இருந்து இரண்டு முறை ஜெர்மன் லீக் வென்றவர். 1998-ல் இதைவிடப் பெரிய வேலை செய்தார்: அப்போதுதான் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்த கைசர்ஸ்லாட்டர்ன் டீமை அதே சீசனில் முதல் டிவிஷன் சாம்பியன் ஆக்கினார். அதற்கு முன்பும் பின்பும் ஜெர்மனியில் அப்படி யாரும் செய்ததில்லை.

2001-ல் கிரீஸுக்கு வந்தார். முதல் மேட்ச், பின்லாந்தில், 1-5 தோல்வி! இந்த இடத்தில்தான் அப்பாக்களைப் பார்த்துப் பேசுவேன். மூன்று வாரம் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, "இன்னும் ஒரு கோல் போடலையே சார்" என்று கேட்கிறவர்கள் அவர்கள். 5 கோல் வாங்கிய கோச்சை கிரீஸ் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

2004 யூரோவுக்கான தகுதிச் சுற்றும் அப்படித்தான் தொடங்கியது. ஸ்பெயினிடம் 0-2, உக்ரைனிடம் 0-2. அதற்குப் பிறகு ஆறு மேட்ச், ஆறிலும் வெற்றி, ஆறிலும் சேர்த்து வாங்கிய கோல் பூஜ்யம். போட்டதும் 8 கோல்தான். அதில் ஸ்பெயினை ஸ்பெயினிலேயே 1-0 என்று வென்றதும் ஒன்று, குரூப்பில் முதலிடமும் அதனால்தான் வந்தது. போர்ச்சுகலில் உலகம் வாயைப் பிளந்து பார்த்ததை அதற்கு முந்தைய வருடமே அவர்கள் சத்தமில்லாமல் செய்து பழகிவிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை.

சரி, அடிப்படை என்கிறீர்களே, அது என்ன? பாஸ் கொடுப்பது, பந்தை நிறுத்துவது, அவ்வளவுதானே?

அதுவும்தான். ஆனால் அது பாதி.

பந்து காலில் இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரு 90 நிமிட மேட்சில் ஒரு ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு, மூன்று நிமிடம் இருக்கும். மிச்ச நேரம் முழுக்கப் பந்து இல்லாமல்தான் நிற்கிறார், நடக்கிறார், ஓடுகிறார். அந்த நேரத்துக்கும் அடிப்படை உண்டு. உன் ஆளுக்கும் உன் கோலுக்கும் நடுவில் நில். ஆளையும் பார், பந்தையும் பார், இரண்டும் ஒரே பார்வையில் விழுகிற மாதிரி உடம்பைத் திருப்பி வை. எதிரி பந்தோடு வந்தால் பாய்ந்து விழாதே, பக்கவாட்டில் நின்று வேகத்தைக் குறை, உன் ஆள் உதவிக்கு வரட்டும். ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கிற கிராஸ் வந்தால் பந்து உன்னிடம் வரும் என்று காத்திருக்காதே, நீ பந்திடம் போ. அடித்து வெளியேற்றும்போது உயரமாக, தூரமாக, ஓரமாக.

படிக்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது பாருங்கள். இதை ஒருமுறை செய்ய யாராலும் முடியும். 88-வது நிமிடத்தில், கால் பிடித்துக்கொண்ட நேரத்தில், 40-வது தடவையாக அதே சுத்தத்தோடு செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி. அந்த 40-வது தடவையைத்தான் நான் ஒழுங்கு என்கிறேன். கிரீஸ் டீமின் வித்தை முழுக்க அதற்குள்தான் இருந்தது.

மேன் மார்க்கிங் அப்போதே பழைய சரக்கு ஆயிற்றே? அதை வைத்தா ஜெயித்தார்கள்?

ஆமாம், பழைய சரக்குதான். 2004-ல் ஐரோப்பாவின் பெரிய டீம்கள் எல்லாம் ஏரியா பிரித்துக் காக்கும் முறைக்கு எப்போதோ போய்விட்டன. ரெஹாகல் மட்டும் ஆளுக்கு ஆள் ஒட்டவிட்டு, எந்த ஆளையும் தனியாகப் பிடிக்கும் பொறுப்பு இல்லாமல் ஒருவரைப் பின்னால், தப்பி வருகிற பந்தைத் துடைத்தெடுக்க வைத்தார். லிபரோ என்பார்கள், ஸ்வீப்பர் என்றும் சொல்வார்கள். அந்த வேலை டெல்லாஸுக்கு, நல்ல உயரமான ஆள். பத்திரிகைகள் கேலி செய்தன, தாத்தா காலத்து ஆட்டம் என்று. ஜெயிக்கிறவன் ஆடுவதுதான் நவீன ஆட்டம் என்பது ரெஹாகலின் வாதம்.

பிரான்ஸ் மேட்சில் கிரீஸின் செய்தாரிடிஸ் ஆன்ரியை விடவில்லை, கப்ஸிஸ் ட்ரெசகேயைப் பிடித்துக்கொண்டார், நடுவில் கட்சூரானிஸ் ஜிடேன் பின்னாலேயே அலைந்தார். ஆன்ரி அந்த வருடம் இங்கிலாந்து கிளப் ஆர்சனலில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் லீக் முடித்துவிட்டு வந்தவர். அவருக்கு இடம் கிடைத்தால் யாராலும் பிடிக்க முடியாது, ஆகவே இடமே கொடுக்கக் கூடாது. அரையிறுதியில் செய்தாரிடிஸுக்கு வேறு வேலை: செக் ஆட்டக்காரர் பாரோஷ். அதுவரை ஆடிய நான்கு மேட்சில் 5 கோல் போட்டிருந்தார். கிரீஸுக்கு எதிராக ஒன்றும் இல்லை. கப்ஸிஸுக்குக் கொடுக்கப்பட்டது கோல்லர், 2 மீட்டருக்கு மேல் உயரம்.

எனக்குத் தோன்றுவது இது. மேன் மார்க்கிங் நல்ல முறையா கெட்ட முறையா என்பது இங்கே விஷயமே இல்லை. அது அந்த ஆட்களுக்குப் பொருந்திய முறை, 11 பேருக்கும் தெளிவாகப் புரிந்த முறை, எதிரில் இருந்தவர்கள் மறந்துபோன முறை. உன் வேலை என்ன என்று எந்த கிரீஸ் ஆட்டக்காரரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பார். நம்ம பையன்களிடம் கேளுங்கள், "மிட்ஃபீல்டு அண்ணா" என்பான். மிட்ஃபீல்டில் என்னடா செய்யப் போறே? முழிப்பான்.

மூன்று மேட்ச் 1-0. அது அதிர்ஷ்டம் இல்லையா?

அதிர்ஷ்டமும் இருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ரஷ்யா மேட்சில் 0-2 என்று பின்தங்கியபோது வ்ரிசாஸ் 43-வது நிமிடத்தில் ஒரு கோல் அடித்தார். தோற்கும் மேட்சில் அடித்த அந்த ஒரு கோல்தான் கிரீஸைக் காப்பாற்றியது. ஸ்பெயினும் கிரீஸும் தலா 4 புள்ளி, தங்களுக்குள் 1-1, கோல் வித்தியாசமும் சமம், அதிக கோல் போட்ட கணக்கில் கிரீஸ் மேலே போனது. அந்தக் கோல் இல்லையென்றால் பெட்டி கட்டியிருப்பார்கள். செக் மேட்சில் ஆரம்பத்திலேயே ரொசிட்ஸ்கி அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டது, முதல் பாதி முடிவதற்குள் அவர்களின் உயிர்நாடியான நெட்வெட் அடிபட்டு வெளியே போனார். இதெல்லாம் யார் கையிலும் இல்லை.

ஆனால் அந்த மூன்று கோல்களையும் வரிசையாகப் பாருங்கள். பிரான்ஸுக்கு எதிராக 65-வது நிமிடம், கேப்டன் சகோராகிஸ் வலது ஓரத்தில் பிரான்ஸ் டிபென்டர் லிசராசுவின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கித் தாண்டிப் போய் கிராஸ் போடுகிறார், கரிஸ்டியாஸ் தலையால் முட்டுகிறார். செக் மேட்சில் கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிகிற கடைசி நிமிடம், சியார்டாஸ் கார்னர், டெல்லாஸ் தலை. அன்று வெள்ளி கோல் என்று ஒரு விதி இருந்தது, கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது முன்னணியில் இருந்தால் மேட்ச் அங்கேயே முடிந்தது. செக் ஆட்களுக்குத் திருப்பி அடிக்க நேரமே இல்லை. இறுதி ஆட்டத்தில் 57-வது நிமிடம், பசினாஸ் கார்னர், மறுபடியும் கரிஸ்டியாஸ் தலை.

மூன்றும் ஓரத்திலிருந்து வந்த பந்து, மூன்றும் தலை கோல். ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம், மூன்று முறை நடந்தால் அந்த ஆட்கள் எதையோ தினமும் செய்து பழகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கரிஸ்டியாஸ் அந்த சீசனில் வெர்டர் பிரேமனில் பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு ஒரு விஷயம் நன்றாக வரும், கூட்டத்துக்கு நடுவே எழும்பி முட்டுவது. டீம் முழுக்கச் சேர்ந்து அந்த ஒரு விஷயம் நடக்கிற இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோனது.

நேர்மையாகச் சொல்லுங்கள், பார்க்க போர் அடிக்கவில்லையா?

அடித்தது. அந்த இறுதி ஆட்டத்தை இரண்டு தடவை முழுசாகப் பார்த்திருக்கிறேன், இரண்டாம் தடவை நடுவில் டீ போட எழுந்து போனேன். இறுதி ஆட்டத்தில் ஒருவன் மைதானத்துக்குள் ஓடிவந்து ஃபிகோ மேல் பார்சிலோனா கொடியை வீசிவிட்டுப் போனானே, அதுகூட ஒரு விறுவிறுப்பாகத் தெரிந்தது.

ஆனால் ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று திட்டினவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கோடி சொச்சம் ஜனத்தொகை உள்ள நாடு, ஜிடேன் இல்லை, ஃபிகோ இல்லை. அழகாக ஆடி 0-3 தோற்றிருந்தால் கைதட்டிவிட்டு மறந்திருப்போம்.

பெரிய திறமைசாலிகள் இருக்கும் டீமுக்கு இந்தப் பாடம் எல்லாம் தேவையா?

அவர்களுக்குத்தான் இன்னும் அதிகம் தேவை. இதற்கு நான் சொல்வது அரிகோ சாக்கியின் கதை. ஷூ வியாபாரக் குடும்பம், பெரிய ஆட்டக்காரராக இருந்ததில்லை, 1987-ல் இத்தாலி கிளப் ஏசி மிலானுக்கு கோச்சாக வந்தவர். குல்லிட், வான் பாஸ்டன் மாதிரி பெரிய ஸ்டார்களுக்கு நீ என்ன சொல்லித் தரப்போகிறாய் என்று கேட்காதவர் இல்லை.

அவரே பிற்பாடு சொன்ன விஷயம் இது. குல்லிட்டும் வான் பாஸ்டனும் இந்த ஒழுங்குக்கெல்லாம் என்ன அவசியம் என்று கேட்டபோது ஒரு பந்தயம் வைத்தார். ஒரு பக்கம் கோல்கீப்பரும் நாலு டிபென்டரும், டசோட்டி, கோஸ்டகுர்டா, பரேசி, மால்டினி. எதிர்ப்பக்கம் பத்துப் பேர், அதில் குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட், டோனடோனி, அன்சலோட்டி எல்லோரும். 15 நிமிடம், ஒரு கோல் போட்டுக் காட்டுங்கள். ஒரே நிபந்தனை, பந்தை இழந்தால் தங்கள் பாதிக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்க வேண்டும். பத்துப் பேரால் ஐந்து பேருக்கு எதிராக ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

அதே மிலான் பந்தே இல்லாமல் பயிற்சி செய்யும். பந்து இங்கே இருக்கிறது என்று கோச் கையால் காட்டுவார், 11 பேரும் அதற்கேற்ப நகர வேண்டும். எங்கள் கிரவுண்டில் ஒருநாள் இதைச் செய்து பார்த்தேன். பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், என் பையன்கள் அதோடு சரி, கலைந்துவிட்டார்கள். மிலான் 1989-லும் 1990-லும் ஐரோப்பியக் கிளப்களுக்கான கோப்பையை வென்றது. நாங்கள் அடுத்த வாரம் 0-4.

ஒழுங்கு என்றால் கோச் கத்துவது, தண்டனையாக ரவுண்டு ஓடவிடுவது தானே?

இல்லை. கத்துவதால் வருவது பயம். பயம் கோச் பார்க்கும்வரைதான் வேலை செய்யும்.

2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ் என்ன ஆனது தெரியுமா? மெக்ஸிகோ மேட்சின் இடைவேளையில் அனெல்கா கோச் டொமெனெக்கைத் திட்டினார், அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள், தென்னாப்பிரிக்காவின் க்னைஸ்னாவில், மற்ற ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்ய மாட்டோம் என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை நிருபர்களுக்குப் படித்துக் காட்டியது யார்? அதே கோச்! மூன்று மேட்சில் ஒரு புள்ளியோடு குரூப்பில் கடைசி. நான்கு வருடம் முன்னால்தான் அந்த நாடு, அதே கோச்சோடு, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடியிருந்தது. விதிகள் எல்லாம் அந்த டீமிலும் இருந்திருக்கும், விதியைப் போட்டவர் மேல் மதிப்புதான் இல்லை.

இதற்கு நேர் எதிராக இங்கிலாந்து கிளப் லெஸ்டர் சிட்டி, 2015-16. கோச் கிளாடியோ ரனியேரி. சீசன் தொடக்கத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு மேட்சிலும் கோல் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். கோல் வாங்காமல் ஒரு மேட்ச் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றார். அக்டோபர் கடைசியில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றதும் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் மாவைப் பிசைந்து அவரவர் பீட்சாவை அவரவரே செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதல் 19 மேட்சில் 25 கோல் வாங்கிய டீம், அடுத்த 19 மேட்சில் வாங்கியது 11. சூதாட்டக் கம்பெனிகள் 5000-க்கு 1 என்று கணித்த டீம் 10 புள்ளி வித்தியாசத்தில் இங்கிலாந்து லீக் சாம்பியன்.

கிரீஸ் கேப்டன் சகோராகிஸும் முன்னால் இரண்டு வருடம் லெஸ்டரில் ஆடியவர்தான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, சும்மா ஞாபகம் வந்தது.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் அவ்வளவு முக்கியமா? ஆவேசம் வேண்டாமா?

செனகல் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2018 உலகக் கோப்பை, குரூப் எச். ஜப்பானும் செனகலும் தலா 4 புள்ளி, போட்டது 4, வாங்கியது 4, தங்களுக்குள் ஆடிய மேட்ச் 2-2. எதிலும் வித்தியாசம் இல்லை. கடைசியில் மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள்: ஜப்பான் 4, செனகல் 6. ஜப்பான் உள்ளே, செனகல் வெளியே. யாரோ இரண்டு பேர் எந்த மேட்சிலோ தேவையில்லாமல் காலை நீட்டியிருப்பார்கள், ஒரு நாடே ஊர் திரும்பியது. செனகல் அந்தக் கடைசி மேட்சில் கொலம்பியாவிடம் தோற்றது எப்படி? கார்னர், தலை கோல்.

கிரீஸுக்கும் இந்த அடி விழுந்தது. தொடக்க ஆட்டத்தின் 7-வது நிமிடத்திலேயே போர்ச்சுகலுக்கு எதிராகக் கோல் அடித்த கரகூனிஸ், மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் இறுதி ஆட்டத்தில் ஆட முடியவில்லை. அவர் இல்லாமலும் அமைப்பு குலையவில்லை, அது வேறு விஷயம்.

அவ்வளவு ஒழுங்கான டீம் என்றால் அப்புறம் ஏன் காணாமல் போனது?

நல்ல கேள்வி, கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வார்கள். 2006 உலகக் கோப்பைக்கு கிரீஸ் தகுதியே பெறவில்லை. 2008 யூரோவில் நடப்புச் சாம்பியனாகப் போய் மூன்று மேட்சும் தோற்றது, போட்டது ஒரே கோல். எதிரிகள் பாடம் படித்துவிட்டார்கள், ஆட்களுக்கு வயதாகிவிட்டது, அதே முறையை அதே ஆட்களோடு இழுத்தார்கள். முந்தின வருடம் வேலை செய்தது என்பதற்காகவே ஒன்றைப் பிடித்துத் தொங்குவதற்குப் பெயர் ஒழுங்கு இல்லை, பழக்கதோஷம்.

ஆனால் முற்றிலும் காணாமல் போகவில்லை. 2010 உலகக் கோப்பையில் நைஜீரியாவை 2-1 என்று வென்றார்கள். உலகக் கோப்பையில் கிரீஸின் முதல் கோலும் முதல் வெற்றியும் அந்த மேட்சில்தான் வந்தன. அதன் பிறகுதான் ரெஹாகல் விலகினார். அடுத்து வந்த ஃபெர்னாண்டோ சாண்டோஸ் 2012 யூரோவில் காலிறுதி வரை, 2014 உலகக் கோப்பையில் இரண்டாம் சுற்று வரை கொண்டுபோனார். அவர் போர்ச்சுகல்காரர். அங்கிருந்து சொந்த நாட்டுக்குப் போய், குரூப்பில் மூன்று மேட்சும் டிராவாக முடித்த ஒரு டீமை வைத்து 2016 யூரோவை வென்றார். கிரீஸில் கற்றுக்கொண்டு போனார் என்று நான் வம்புக்குச் சொல்வேன்.

என் பையனுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது?

நான் செய்வதைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டு உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் 20 நிமிடம் இரண்டு பேர் இரண்டு பேராக, எட்டு மீட்டர் தூரத்தில் பாஸ். பந்து வருகிற பக்கத்துக் காலால் நிறுத்தக் கூடாது, மறு காலால் நிறுத்த வேண்டும், அப்போதுதான் உடம்பு தானாகத் திறந்து நிற்கும், அடுத்த பாஸுக்கு இடம் தெரியும். பந்து வருவதற்கு முன்னால் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்கு மூன்றாவதாக ஒருவனைப் பின்னால் நிற்கவைத்து விரல் காட்டச் சொல்வேன், பந்தை வாங்குகிறவன் எத்தனை விரல் என்று கத்த வேண்டும். பையன்களுக்கு இது விளையாட்டு, ஆகவே முணுமுணுப்பு இல்லை.

அப்புறம் ஐந்து மீட்டர் அகலப் பாதையில் ஒருவனுக்கு ஒருவன். இங்கே ஒரு தந்திரம் உண்டு: டிபென்டர் பந்தைப் பிடுங்கினால் ஒரு புள்ளி, பிடுங்காமல் ஐந்து எண்ணும்வரை எதிரியைத் தாண்டவிடாமல் தாமதப்படுத்தினால் இரண்டு புள்ளி. பாய்ந்து விழுகிற புத்தி இரண்டே வாரத்தில் குறைந்தது. இதை முதலில் தலைகீழாக வைத்திருந்தேன், பிடுங்கினால்தான் அதிகப் புள்ளி என்று. பையன்கள் எல்லோரும் சறுக்கிச் சறுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டதும், ஒரு அம்மா டெட்டால் பாட்டிலோடு வந்து நின்றதும்தான் மிச்சம்.

கடைசிப் பத்து நிமிடம் கார்னர். யார் முதல் கம்பத்தில், யார் கோல்கீப்பர் முன்னால், யார் வெளியே விழுகிற பந்துக்கு. பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. கிரீஸ் தலை கோலாகப் போட்டார்கள் என்று சின்னப் பிள்ளைகளைத் தலையால் முட்டவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஃபுட்பால் சங்கங்கள் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டன, மூளைக்கு ஆகாது என்ற பயம்தான் காரணம். நான் கார்னரைக் கையால் எறியச் சொல்லி, மார்பாலும் காலாலும் ஆடவிடுகிறேன். இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டால் போதும், தலை பிறகு வரும்.

ஒரே ஒரு மேட்ச் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்க?

பிரான்ஸ் மேட்ச், 2004 ஜூன் 25. இறுதி ஆட்டம் வேண்டாம். பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், கஷ்டம்தான், ஆனாலும் முதல் பத்து நிமிடம் செய்தாரிடிஸை மட்டும் பாருங்கள். ஆன்ரி நடந்தால் அவரும் நடப்பார், நின்றால் நிற்பார், பந்து மைதானத்தின் மறு ஓரத்தில் இருந்தாலும். பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். "அவர் என்னப்பா ஒண்ணுமே பண்ணல?" என்று கேட்பான், என் பையன் கேட்டான். 65-வது நிமிடம்வரை பதில் சொல்லாதீர்கள்.